இன்பராஜ் போட்ட வரிசை

இன்பராஜ் மாமா என் அக்கா ஃப்ளோராவைக் கட்டிக்கொண்ட வருஷம்தான் எங்கள் ஊர் தங்கச் சுரங்கம் மூடினது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பிரியாணியை மறந்துவிட்டு வேலை போனதற்குத் தரப்போகிற செட்டில்மென்ட் பணம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா சொல்வாள். மாமாவின் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. மாமா மேலே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை பழகப் போனவர். வேலை நிரந்தரமாவதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். சில மாதம் வீட்டிலும் சர்ச் வாசலிலுமாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒரு நாள் பெங்களூர் போகிற காலை ரயிலில் ஏறினார். சாகிற வரைக்கும் அவருடைய வாழ்க்கை அந்த ரயிலைச் சுற்றித்தான் நடந்தது.

கண்டோன்மென்ட் பக்கம், பம்பு உதிரி பாகங்கள் விற்கிற ஒரு கம்பெனியின் குடோனில் அவருக்கு வேலை. விடியும் முன்னால் உரிகம் ஸ்டேஷனில் ஏறுவார். இருட்டின பிறகு இறங்குவார். எங்கள் பக்கத்தில் அந்த ரயிலை 'ஃபர்ஸ்ட் ஷிப்ட்' என்றே சொல்வார்கள். பூமிக்குக் கீழே போய்வந்தவர்களின் பிள்ளைகள் தண்டவாளத்தின் மேல் போய்வர ஆரம்பித்தபோது, பெயரை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் பெங்களூர் போய்வந்தும் மாமா லால்பாக் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த பெங்களூர் தண்டவாளத்தை ஒட்டின பெங்களூர். ஒரு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டால், கே.ஆர். புரத்தில் இறங்கிப் பாலம் ஏற வேண்டும் என்பார். ஒரு கல்யாண மண்டபத்தைச் சொன்னால், அது ரயிலுக்கு ஒத்துவராத இடம் என்று சொல்லிவிட்டு மொய்யைக் கொடுத்தனுப்பிவிடுவார். அவர் மகள் லவினாவுக்கும் சின்ன வயதிலிருந்து பெங்களூர் என்றால் அப்பா வாயால் கேட்ட ஊர்தான். மாலூர், ஒயிட்ஃபீல்டு, கே.ஆர். புரம், கண்டோன்மென்ட், சிட்டி என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகிற ஒரே நீளத் தெரு.

லவினா நன்றாகப் படித்தாள். வீட்டில் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் படித்தவள் இல்லை. அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. பிசிக்ஸ் புத்தகத்தில் கடைசி இரண்டு பாடங்கள் மற்றவர்களுக்கெல்லாம் கசந்தன, அவளுக்கு மட்டும் பிடித்துப்போயின. எங்கே படிக்க வேண்டும் என்பது மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. நகரத்தின் நடுவில் ஒரு பழைய அரசுக் கல்லூரி இருக்கிறது. சிட்டி ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூரம். காலையில் அப்பாவோடு உரிகத்தில் ஏறி, அவர் கண்டோன்மென்ட்டில் இறங்கின பிறகு இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன் அவள் தனியாகப் போனால் போதும். சாயங்காலம் அதே மாதிரி வீடு. மாமா இதை அவள் பத்தாம் வகுப்பு முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணை ஹாஸ்டலில் விட அவருக்கு மனசு இல்லை. அதை அப்படியே சொல்ல மாட்டார். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காது என்று சொல்வார்.

இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான சி.இ.டி.யில் ரேங்க் வந்தது. நல்ல ரேங்க். அதற்கு முந்தின வருஷம் அந்தக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸுக்குக் கடைசியாக இடம் கிடைத்தவர் லவினாவைவிட எவ்வளவோ பின்னால் இருந்தவர். மாமா அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார். ரயிலில் யார் கேட்டாலும் இரண்டு எண்ணையும் சொல்லி, நடுவில் இருக்கிற வித்தியாசத்தையும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்காக விசேஷ ஜெபம் நடந்தது. அவரோடு ரயிலில் போகிற டக்ளஸ் அன்று பின் பெஞ்சிலிருந்து, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீட்டைக் கேட்டால் கர்த்தர் யாருக்குத்தான் கொடுப்பார் என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

விருப்பப்பட்ட கல்லூரிகளை வரிசையாகப் போட்டுக் கொடுக்கிற நாட்கள் வந்தன. அந்த வரிசையை ரயில் பெட்டிதான் தயார் செய்தது. டக்ளஸ் ஒரு ஐ.டி. கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ராஜப்பா கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர், பூதிகோட்டைக்காரர், பங்காருபேட்டையில் ஏறுகிறவர். இன்னும் இரண்டு மூன்று பேர். திரும்பி வருகிற ரயிலில் மாமா பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அருகில் எந்தக் கல்லூரி, இறங்கி எவ்வளவு நடக்க வேண்டும், மழைக்காலத்தில் அந்த வழி எப்படி இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதையெல்லாம் லவினா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வீட்டுக்கு வந்ததும் பேப்பரை அவளிடம் கொடுத்திருக்கிறார். முதலில் ஒயிட்ஃபீல்டு பக்கத்துத் தனியார் கல்லூரி. அடுத்து கே.ஆர். புரம் பக்கம் இரண்டு. கடைசியில்தான் சிட்டி, அந்த அரசுக் கல்லூரி.

நமக்கு வேண்டியது கடைசியில் இருக்கிறதே என்று அவள் கேட்டாள்.

"லைன்ல வர்ற மாதிரிதான் போடணும்," என்றார் மாமா. "மொதல்ல வர்றது மொதல்ல. புடிச்சா எறங்கு, புடிக்கலன்னா உக்காந்துகினு போ. கடைசில சிட்டி வருது இல்ல?"

பெங்களூர் பற்றி அப்பா சொன்னது ஒரு முறையும் தப்பாகப் போனதில்லை என்பதால் அவள் அப்படியே போட்டாள். ராபர்ட்சன்பேட்டையில் இன்டர்நெட் கடை வைத்திருப்பவர், சொன்னதை டைப் செய்து கொடுத்தார். ஏன் இந்த வரிசை என்று கேட்பது அவர் வேலை இல்லை.

உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன்னால் ஒரு ஒத்திகை ஒதுக்கீடு வரும். அதில் லவினாவுக்கு ஒயிட்ஃபீல்டு கல்லூரி என்று வந்தது. மறுநாள் பெட்டியில் ஒரே சந்தோஷம். முதல் ஸ்டேஷனிலேயே கதவு திறந்துவிட்டது, இனி சிட்டி வரைக்கும் கவலை இல்லை என்று டக்ளஸ் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் லவினாவின் வகுப்புத் தோழி ஒருத்தி அவள் போனில் வரிசையைப் பார்த்துவிட்டு, உனக்குப் பைத்தியமா என்று கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் பார்க்கும். ரேங்குக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது. ஆக, முதல் ஸ்டேஷனில் கட்டாயம் இறக்கிவிட்டுவிடும். உட்கார்ந்துகொண்டு போகிற பேச்சே கிடையாது.

மாமா அதை இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, மூடப்போகிற இன்டர்நெட் கடைக்கு மகளை அழைத்துப் போனார். வரிசையை மாற்ற இன்னும் நேரம் இருந்தது. இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. லவினாவே போட்டாள். அரசுக் கல்லூரி முதலில். அடுத்து நல்ல பெயர் இருக்கிற இரண்டு. அதில் ஒன்று கனகபுரா ரோட்டுப் பக்கம், ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில். மாமா ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தப்புத் திருத்தப்பட்டுவிட்டது. அதனால் ஒரு நஷ்டமும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாமாவுக்குத் தன் வாயின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்று அக்கா சொல்வாள். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட, "நீயே பாரு" என்பாராம்.

முதல் சுற்று வந்தது. அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. லவினாவின் ரேங்குக்கு முன்னாலேயே அங்கே கதவு மூடிவிட்டது. அதற்குக் காரணம் என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த வருஷம் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்தக் கல்லூரிக்கு இப்போது நல்ல பெயர் வந்துவிட்டது என்று இன்னொருவர். தனியார் கல்லூரிகளில் ஃபீஸ் ஏறினதால் கூட்டம் இங்கே வந்துவிட்டது என்றார் லவினாவின் லெக்சரர். எல்லாமே உண்மையாக இருக்கலாம். மாமா மனப்பாடம் செய்து வைத்திருந்த முந்தின வருஷத்து எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போனது. லவினாவுக்குக் கிடைத்தது கனகபுரா ரோட்டுக் கல்லூரி.

அதைக் கையில் வைத்துக்கொண்டே மேலே இருப்பதற்குக் காத்திருக்கலாம் என்றார்கள். காத்திருந்தார்கள். இரண்டாவது சுற்றிலும் ஒன்றும் அசையவில்லை. லவினா ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பக்கெட், இரண்டு போர்வையோடு ஹாஸ்டலுக்குப் போனாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த நாள், மாமா பஸ் மாறி பஸ் மாறி ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் சாயங்கால ரயில் போய்விட்டிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் அந்த ரயிலை விட்டது அன்றுதான்.

அவள் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளில் கடைசிச் சுற்று அறிவித்தார்கள். காலியாகக் கிடக்கிற இடங்களுக்கு மட்டும். அந்த வருஷத்து விதிப்படி, அதற்குள் போக வேண்டுமானால் கையில் இருக்கிற இடத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கிடைத்தால் கிடைத்தது. கிடைக்கவில்லை என்றால் இரண்டும் இல்லை. ஒரு வருஷம் வீட்டில். முடிவு செய்ய இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள்.

மாமா குடோனில் அரை நாள் லீவ் சொல்லிவிட்டு அரசுக் கல்லூரிக்குப் போனார். எலக்ட்ரானிக்ஸில் எத்தனை இடம் காலி என்று விசாரிக்கத்தான். ஆபீசில், அது எங்களுக்கே கடைசி நாள்தான் தெரியும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். வாசலில் வாட்ச்மேனிடம் கேட்டார். அவருக்கும் தெரியாது; "கொத்தில்லா சார்," என்று கன்னடத்தில் சொன்னார். மாமா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, உள்ளே போய்வருகிற பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறவன் யாராவது இருந்தால், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்தாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். லவினா போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார்கள். அக்கா தன் கருத்தை முதலிலேயே சொல்லிவிட்டாள்: இருப்பதை விடக் கூடாது.

"நீங்க சொல்லுங்கப்பா," என்றாள் லவினா. "நீங்க விடுன்னா விட்டுடறேன். இருன்னா இருக்கறேன்."

"நான் இன்னாத்தம்மா சொல்றது," என்றார் மாமா. "நான் சொன்னது ஒருவாட்டி பாத்தாச்சே."

"அத வுடுங்கப்பா. அது வேற."

"உனுக்கு இன்னா தோணுது?"

"எனக்கு அங்கதான் போகணும். ஆனா பயமா இருக்குது."

மாமா என்னைப் பார்த்தார். நான் படித்தவள், ஏதாவது சொல்வேன் என்று. எத்தனை இடம் காலி, எத்தனை பேர் கையில் இருப்பதை விட்டுவிட்டு வருவார்கள், எதுவும் தெரியாமல் எதைச் சொல்வது? காலி இடம் இருந்தாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அது அவருக்கும் தெரியும். தலையாட்டினார். போனில் அந்தப் பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகள் பக்கெட் உருட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அவர், "இருக்கறது இருக்கட்டும்மா," என்றார். லவினா சரி என்றாள். குரலில் நிம்மதியா ஏமாற்றமா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் கடைசிச் சுற்றில் என்ன நடந்தது என்பது கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் வந்தபோதுதான் வீட்டில் பேசப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ சொன்ன சினிமா சமாசாரத்தைச் சொல்கிற மாதிரி அவள் சொன்னாள். அரசுக் கல்லூரியில் கடைசி நேரத்தில் கொஞ்சம் பேர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்களாம். எலக்ட்ரானிக்ஸில் இடம் காலியாகி, அவளுக்கு வெகுதூரம் பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கிடைத்திருக்கிறது.

"அப்போ வுட்டிருந்தா உனுக்குக் கெடச்சிருக்கும்," என்றார் மாமா.

"கெடச்சிருக்கும்பா. ஆனா அன்னிக்கி யாருக்குத் தெரியும்?"

மாமா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைத் தானே கழுவி வைத்தார். அக்கா, கேக் இருக்கிறது, உட்காருங்கள் என்றாள். வந்து உட்கார்ந்து கேக்கும் சாப்பிட்டார்.

பிறகு ரயிலில் ஒவ்வொருவரிடமும் அவர் அதைக் கேட்டிருக்கிறார். நீயாக இருந்தால் விட்டிருப்பாயா? ராஜப்பா தான் விட்டிருக்க மாட்டேன் என்றார். இன்னொருவர் விட்டிருப்பேன் என்றார். டக்ளஸ், "நானா இருந்தா உன்ன மாதிரி ஆளுகிட்ட யோசனையே கேட்டிருக்க மாட்டேன்டா," என்று வழக்கம்போல வாரினார். அன்று யாரும் சிரிக்கவில்லை, டக்ளஸே கொஞ்ச நேரம் கழித்து மாமாவின் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று ராஜப்பா சொன்னார்.

அதை வைத்து மாமா உடைந்துபோய்விட்டார் என்று சொன்னால் அது பொய். வேலைக்குப் போனார், வந்தார். சர்ச் வெள்ளையடிப்புக்கு ஆள் பிடித்தார். தினமும் ரயில் மாலூர் தாண்டினதும் லவினாவுக்குப் போன் செய்வார். அவள் அப்போதுதான் எழுந்திருப்பாள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். சாப்பிட்டாயா, குளிர் இருக்கிறதா, இன்றைக்கு லேபா. மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் வருவாள். வந்த அன்றே திரும்ப வேண்டியிருக்கும், அந்த மூலையிலிருந்து இங்கே வந்துபோக அவ்வளவு நேரம். அவள் கல்லூரியில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நல்ல கல்லூரி. எலக்ட்ரானிக்ஸ்தான். கேட்டது கிடைத்தது போலவே இருந்தது, இடம் மட்டும் வேறு.

இந்த வருஷம் ஜனவரியில், லவினா இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, மாமா குடோனில் பெட்டி இறக்குகையில் வேர்க்கிறது என்று சொல்லி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது முடிந்திருக்கும். லவினா அந்த மூலையிலிருந்து போக்குவரத்தில் மாட்டி மாட்டி வந்து சேர்ந்தபோது, அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். அடக்கத்துக்கு ரயில் பெட்டி முழுவதும் வந்திருந்தது. ஒரே நாளில் அத்தனை பேர் லீவ் போட்டதால் எத்தனை முதலாளிகள் திட்டினார்களோ.

அவள் அந்த அரசுக் கல்லூரியில் படித்திருந்தால், அந்த ஒன்றேகால் வருஷமும் தினம் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பாள். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆளுக்கு ஆள் தனியாக நினைத்துப் பார்த்திருப்போம். யாரைக் குறை சொல்வது? கையில் இருப்பதை விடாமல் இருந்தது தப்பில்லை. விடச் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. வேறு மாநிலத்துக்குப் போன பிள்ளைகளின் மேல் கோபப்பட முடியுமா? அவர்கள் வீட்டிலும் யாரோ இரண்டு நாள் தூங்காமல் இருந்திருப்பார்கள்.

போன மாதம் ராஜப்பா வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்கு இந்த வருஷம் ரேங்க் வந்திருக்கிறது. லவினா செமஸ்டர் லீவில் வந்திருந்தாள். கல்லூரி வரிசையை அவளே போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தோம்.

"அந்த சிட்டி காலேஜ், எலக்ட்ரானிக்ஸ், போன வருசம் எந்த ரேங்க்ல நின்னுச்சும்மா?" என்று ராஜப்பா கேட்டார்.

லவினா பார்த்துச் சொன்னாள்.

"அதுக்கு மொத வருசம்?"

அதையும் சொன்னாள். அவள் சேர்ந்த வருஷத்து எண் அது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் இடைவெளி. ராஜப்பாவின் மகளுடைய ரேங்க் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

"அப்போ இந்த வருசம் கெடைக்குமா?"

"தெரியலயே மாமா."

"நீ படிக்கிற புள்ள. பாத்து சொல்லு."

"தெரியாது மாமா," என்றாள் லவினா. "பாப்பாவுக்கு எங்க போகணும்னு ஆசையோ அத மேல போடுங்க. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது."

ராஜப்பா மகளுக்குப் போன் செய்து கேட்டார். அவளும் அதே கல்லூரியைத்தான் சொன்னாள். சாயங்கால ரயிலில் அப்பாவோடு வந்துவிடலாம் என்றாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். லவினா அந்தக் கல்லூரியை முதலில் போட்டாள். மற்றதையெல்லாம் ராஜப்பா சொன்னபடி போட்டு முடித்து, ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டினாள். பிறகு, அனுப்புகிற பட்டனை அமுக்குவது மட்டும் பாக்கியிருக்க, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீயே அமுத்தும்மா," என்றார் ராஜப்பா.

"இல்ல மாமா. நீங்க அமுத்துங்க."

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு, அமுக்காமல், அந்த வரிசையை மேலிருந்து கீழாக மறுபடியும் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.